திண்ணையில் பிரம்பும் சட்டாம்பிள்ளையும்

உ.வே.சாமிநாதையரின் இளமையில் பல ஆண்டுகள் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில்தான் கழிந்தன. அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். குன்னத்தில் குடியிருந்தார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை பாடம் கேட்டார். 1940 முதல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘என் சரித்திரம்’ அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தையும் நமக்குக் காட்டுகிறது. ஒரே வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள்; ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பேச்சே இல்லை. அத்தனை பேரையும் அவர் எப்படிக் கட்டி மேய்த்தார்?

பிரம்பால் என்பது பாதிப் பதில்தான். அந்தப் பாதி கொடியது. கோதண்டம் என்றால் அந்தக் காலப் பையன்களுக்குக் குலை நடுங்கும்: விட்டத்துக் கயிற்றில் கைகள் இரண்டும் மேலே, கால் தரையில் படாது. தோப்புக்கரணமும் முட்டி போடுதலும் அதற்கு அடுத்த படி.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்டங்களிலும் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொன்னார். அப்போது பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் ஒரு காலை நேரக் காட்சி இருக்கிறது. முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் ‘சரஸ்வதி’ என்று எழுதுவார்கள். இரண்டாவது ஆளுக்கு ஒரு சுழி. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடிக்கொண்டே போகும். கடைசியாக ஓடி வரும் சிறுவன் வாசலிலேயே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருப்பான்.

மறுபாதிப் பதில் சட்டாம்பிள்ளை. விவரம் தெரிந்த பெரிய பையன் முறை வைத்துச் சொல்வான்; மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். மணலில் எழுதும் சின்னவனின் விரலைப் பிடித்து எழுத்தைச் சுழிக்க வைப்பதும் அவன் வேலை. யாருக்கும் கை சும்மா இருக்காது, வாய் சும்மா இருக்காது. குறும்புக்கு நேரம் ஏது? கேம்ப்பெல் தண்டனைகளைக் கடுமையானவை என்றார்; ஆனால் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறையை மனமாரப் புகழ்ந்தார். இங்கிலாந்து அதைப் பின்பற்றியதும் தகும் என்றார்.

அந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல். 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியை நடத்திய பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் உதவி ஆசிரியர்கள் அப்படிக் கற்பிக்க இணங்காதபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடமே எழுத்து கற்பிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். தப்புகளை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்து வைத்து, வாரம் ஒருமுறை பையன்களையே நடுவர்களாக உட்கார வைத்து விசாரித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால் இது ‘மெட்ராஸ் முறை’ என்று உலகம் சுற்றியது.

இங்கேயோ, பெஞ்சும் மணியும் வருகைப் பதிவேடும் வந்தபின் பிள்ளைகள் வரிசையாகக் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சட்டாம்பிள்ளை, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதும் வகுப்புத் தலைவனாகச் சுருங்கிப்போனான். பிரம்பு மட்டும் இடம் மாறவில்லை. நம் மரபில் விட வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதை விட்டோம்.

2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி அடிப்பதைத் தடை செய்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், மனத்தை நோகடிப்பதையும் சேர்த்து விலக்கியது. அதே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியபோது அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். பிள்ளை தன் பாட அட்டையைத் தானே எடுத்தது. தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையைப் பார்த்தே பிள்ளைகளைப் பிரிக்கிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் கிராமத்துப் பள்ளியில், பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுக்காமல் ஒரு நாளும் ஓடாது.