பத்மநாபபுரம் அரண்மனையும் பாதுகாப்பு எனும் அமானிதமும்

கலைப்பொருளை ஆக்கியவரை வரலாறு சிலவேளை நினைவுகூரும். ஆக்குவித்த அரசரை எப்போதும் நினைவுகூரும். ஆனால் அப்பொருளை நூற்றாண்டுகள் கடந்து நம் கைகளில் ஒப்படைத்த காவலர்களை எவரும் நினைப்பதில்லை. அருங்காட்சியகம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது காட்சிக்கூடமே. அதன் பின்னால் நாள்தோறும் நடைபெறும் ஓசையற்ற உழைப்பே கலைவரலாற்றின் உயிர்நாடி என்பதற்கு, குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை தக்க சான்றாகும்.

வேணாட்டின் தலைநகராக விளங்கிய கல்குளத்தில் 1601ஆம் ஆண்டளவில் இவ்வரண்மனை தோற்றம் பெற்றது. 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரரை வென்ற மார்த்தாண்ட வர்மர் இதனை விரிவாக்கினார். ஊருக்கும் பத்மநாபபுரம் எனப் பெயர் சூட்டினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. எனினும் அரண்மனையின் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறையிடமே நிலைத்தது. ஒரு மாநிலத்தின் மண்ணில் நிற்கும் கலைச்செல்வத்தை மற்றொரு மாநிலம் காத்துவருவது அரிய ஏற்பாடாகும். 2014இல் இவ்வரண்மனை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இங்குக் காக்கவேண்டியவை யாவும் எளிதில் அழியும் இயல்பின. மரமும் ஓடும் சுண்ணமுமே கட்டடத்தின் உடல். பூமுகத்தின் மேற்கூரையில் செதுக்கப்பட்ட மலர்கள் ஒன்றுபோல் மற்றொன்று அமையாதவை. முகம் தெரியுமளவு பளபளக்கும் கருந்தளம், சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவை கலந்து இழைக்கப்பட்டது என்பர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மண் இது. ஓர் ஓடு நகர்ந்தால் நீர் கசியும். நீர் கசிந்தால் உத்தரம் உளுக்கும். ஈரம் தங்கிய மரத்தைக் கரையான் தேடிவரும். எனவே ஓடு மாற்றுவதும் கரையான் புற்றைக் கண்காணிப்பதும் சிறு பணிகள் அல்ல. வருவோர் காலணியைக் கழற்றுவது தளத்துக்கும் பாதுகாப்பாகிறது. ஆயிரக்கணக்கான பாதங்களின் உராய்வைத் தாங்க வேண்டியது அத்தளமே அன்றோ!

உப்பரிகை மாளிகையின் மேல்தளத்துச் சுவரோவியங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. இது குறித்துப் பலரும் மனக்குறை கொள்வதுண்டு. ஆயினும் இயற்கை வண்ணங்களால் சுண்ணப்பூச்சின்மேல் தீட்டப்பட்ட ஓவியத்துக்கு மனிதரின் மூச்சுக்காற்றின் ஈரமும் வெளிச்சமும் பகையாகும். ஒளியால் எளிதில் மங்கும் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேற்பட்ட ஒளி ஆகாது என்பது அருங்காட்சியக மரபு. காட்டுவதா காப்பதா என்ற வினா எழும்போது, இன்றைய பார்வையாளனின் உரிமையையும் நாளை பிறக்கவிருப்பவனின் உரிமையையும் ஒருங்கே எடைபோட வேண்டியவராகிறார் காப்பாளர்.

இக்கலை பயிற்சியையும் அறிவியலையும் வேண்டுவது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளைக் களிம்பு அரித்தபோது, அதனைத் தீர்க்க 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது, எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் அவற்றைக் காத்தார். எல்லாவற்றுக்கும் அடிப்படையானது பதிவேடு. பொருளுக்கோர் எண், அளவு, வந்த வழி, நிலை ஆகியவை எழுதப்படாவிடில் அப்பொருள் களவுபோனாலும் அறிவாரில்லை. இருந்தாலும் அதன் வரலாறு இறந்ததாகும்.

இவற்றை நாம் எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அரண்மனையிலிருந்து சிறிது தொலைவில், தக்கலையில், நெசவுத் தொழில் செய்து ஞானப்பாடல்கள் யாத்த பீர்முகம்மது அப்பா (ரஹ்) அடங்கியுள்ளார்கள். அவர்களின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாத இரவொன்றில் மக்கள் கூடி விடியவிடியப் பாடுகின்றனர். பாடலை நாவு காத்தது. ஆனால் ஏடுகளை யார் காப்பது? கோட்டாறு, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் முதலிய பழம்பதிகளிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் நம் முன்னோர் விட்டுச்சென்ற அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகள், மீஸான் கற்கள், மரவேலைப்பாடு மிக்க மிம்பர்கள், பித்தளை விளக்குகள் எத்தனை? பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் பழைய தூணும் உத்தரமும் விறகாகவும், கல்வெட்டு அடித்தளக் கல்லாகவும் போவதை நாம் கண்டும் காணாதிருக்கிறோம். புதுப்பித்தல் தவறன்று, தொழுகைக்கு இடம் வேண்டும். பதிவின்றி இடித்தலே தவறு.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை பணிக்கிறது. மரபுச்செல்வமும் அத்தகைய அமானிதமே. அதன் உரியவர் நமக்குப் பின் வருவோர். பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு பதிவேடு தொடங்கட்டும். இடிக்குமுன் நிழற்படமும் அளவும் எடுக்கட்டும். ஏடுகளை ஈரமும் பூச்சியும் அணுகாமல் பேணட்டும். படிக்கத் தெரிந்தோரிடம் காட்டட்டும். பத்மநாபபுரத்தில் ஓடு மாற்றும் பெயர் அறியாத் தொழிலாளி செய்வதும் இதுவே: தன் காலத்தில் ஒழுக்கை அடைத்து, அடுத்தவர் கையில் ஒப்படைப்பது.