கணக்கில் விழாத உழைப்பு

பிள்ளை வளர்க்கும் தாய் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்ற பேச்சு காலங்காலமாக வருவதுபோலத் தோன்றும். அதற்கு அரசு முத்திரை விழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். இங்கிலாந்தின் 1851ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டை நடத்தும் மனைவியரையும் தாய்மாரையும் தொழில் வகுப்புகளுக்குள்ளேயே வைத்தது. 1881இல் அவர்கள் தொழிலற்றோர் வகுப்புக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் சமையலும் பிள்ளைப் பராமரிப்பும் குறைந்துவிடவில்லை. மாறியது கணக்கு எழுதும் முறை மட்டுமே. இந்தியாவிலும் 2001 கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்போர், சிறைக்கைதிகள் ஆகியோருடன் வேலை செய்யாதோர் பட்டியலில் சேர்த்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சாடியது.

கணக்கெடுப்பு அளப்பது சந்தை வருமானத்தை, தாயின் மதிப்பை அல்ல என்று சிலர் வாதிடலாம். அளவுகோலுக்கு எல்லை உண்டு என்பது சரிதான். ஆனால் அந்த எல்லை ஏட்டோடு நிற்பதில்லை. விபத்தில் தாய் இறந்தால் இழப்பீடு எவ்வளவு, குடும்பச் சொத்தில் மனைவியின் பங்கு என்ன என்ற வழக்குகளில் அதுவே குறுக்கே நிற்கிறது. அன்புக்கு விலை வைப்பதா என்ற கேள்வியும் எழும். விலை கேட்கப்படுவது அன்புக்கு அல்ல, உழைப்புக்கு. கணவன் சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் என்று கருதி, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு இல்லத்தரசிக்குச் சொத்தில் சமபங்கை ஏற்றது. கணக்கேட்டில் விட்டுப்போனதை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காகச் சேர்ப்பதைவிட, ஏட்டையே திருத்துவது நியாயம்.