சட்டைக்கும் கணினித் திரைக்கும் என்ன சம்பந்தம்?

ஆடை வடிவமைப்பாளர் கையில் துணியும் கத்தரியும் இருக்கும். இணையதளம் வடிவமைப்பவர் முன்னால் கணினி இருக்கும். இந்த இரண்டு தொழிலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் இருவரும் மாட்டிக்கொண்டது ஒரே கேள்வியில்தான். முகம் தெரியாத லட்சம் பேருக்குப் பொருந்தும்படி ஒரு பொருளை எப்படிச் செய்வது?

தையல்காரருக்கு இந்தக் கவலை இல்லை. ஆள் எதிரில் நிற்பார், டேப்பைப் பிடித்து அளவெடுத்தால் போதும். ரெடிமேட் ஆடை வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) லட்சக்கணக்கான சீருடைகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு வீரருக்கும் தனியாக அளவெடுக்க நேரம் ஏது? சில நிலையான அளவுகளை வைத்துத் தைத்துக் குவித்தார்கள். போருக்குப் பின் ஆண்களின் ரெடிமேட் ஆடைக்கும் அந்த முறையே கைகொடுத்தது.

பெண்களின் ஆடைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 1939-40இல் அமெரிக்க வேளாண்மைத் துறைக்காக ரூத் ஓ பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஏறத்தாழ 15,000 பெண்கள், ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள்! ஆனால் வெள்ளையினப் பெண்களின் அளவுகள் மட்டுமே கணக்கில் சேர்ந்தன. இந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1958இல் வந்த தர அளவுகள் பலருக்குப் பொருந்தவில்லை. 1983இல் அவை விலக்கிக்கொள்ளப்பட்டன.

இதற்கிடையே அமெரிக்க விமானப்படைக்கும் இதே தலைவலி. 'சராசரி' உடலுக்கு ஏற்ப விமானி அறையை அமைத்திருந்தார்கள். 1950இல் 4,063 விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவற்றில் 10 அளவுகளை எடுத்துப் பார்த்தார். பத்திலும் சராசரியாக இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! அதன் பிறகுதான் நகர்த்தி வைத்துக்கொள்ளும் இருக்கைகள் போன்ற ஏற்பாடுகளை விமானப்படை வலியுறுத்தத் தொடங்கியது.

மென்பொருள் உலகம் இதே பாடத்தை மறுபடி படித்தது. 1999இல் வெளிவந்த தன் நூலில் ஆலன் கூப்பர் 'இலாஸ்டிக் பயனர்' என்று கேலி செய்தார். நிரல் எழுதுபவர் தன் வசதிக்கு ஏற்ப 'பயனர்' என்ற சொல்லை எப்படியும் இழுத்துக்கொள்கிறார் என்பது அவர் குற்றச்சாட்டு. எல்லோருக்கும் என்று செய்யாதே, ஒரு குறிப்பிட்ட மனிதரை மனதில் வைத்துச் செய் என்றார். கிட்டத்தட்ட தையல்காரர் வழிதான்!

இணையப் பக்கங்களும் முதலில் ரெடிமேட் சட்டை போலத்தான் இருந்தன. 800 பிக்சல் அகலத் திரையை நினைத்து வெட்டிய பக்கம் கைபேசியில் திணறியது. 2010இல் ஈத்தன் மார்காட், திரைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும் வடிவமைப்பை முன்வைத்தார். விமானி அறையில் இருக்கை நகர்ந்தது, இங்கே பக்கமே நகர்ந்தது.

சட்டை பிடித்தால் "உடம்பு போட்டுவிட்டது" என்று மனிதர் தன்னையே நொந்துகொள்கிறார். இணையத்தில் படிவம் நிரப்பத் தெரியாத முதியவர் "எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் வராதுப்பா" என்கிறார். இந்த வரலாறு சொல்வது வேறு. தவறு பெரும்பாலும் உடம்பிலும் இல்லை, மூளையிலும் இல்லை. அளவெடுத்த நாளில் அவர்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.