பாதரச ஸ்விட்சும் மூன்று ஒயரும்

பிரெஞ்சில் படித்ததால் எனக்குக் கிடைத்த லாபங்களில் ஒன்று, அந்த நாட்டுப் பழைய விஞ்ஞானப் பத்திரிகைகளைப் புரட்ட முடிவது. 1873-இல் தொடங்கிய 'லா நத்யூர்' அதில் ஒன்று. தொடங்கியவர் கஸ்தோன் திஸ்ஸாந்தியே. இன்று பிள்ளைகள் பாட்டரி போட்டுப் பறக்கவிடும் சின்ன விமானங்களைப் பார்த்தால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

1875 ஏப்ரல் 15 அன்று 'ஸெனித்' என்ற பலூனில் மூன்று பேர் மிக உயரத்துக்குப் போனார்கள். பிராணவாயு போதாமல் இருவர் இறந்தார்கள். உயிரோடு இறங்கியவர் இவர் ஒருவர்தான், காது செவிடாகிவிட்டது. வேறொருவராக இருந்தால் பலூன் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். இவரோ அண்ணன் அல்பேருடன் சேர்ந்து, பலூனை நினைத்த திசையில் செலுத்த வழி தேடினார்.

நீராவி எஞ்சின் ஏற்கெனவே ஒருவர் 1852-இல் வைத்துப் பார்த்ததுதான். ஆனால் மேலே ஹைட்ரஜன், கீழே அடுப்பு என்றால் வைக்கோல் போருக்கடியில் விளக்கு வைத்த கதை. நிலக்கரி எரிய எரிய எடையும் குறையும். மின்சாரத்துக்கு இரண்டு தொல்லையும் இல்லை. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் மூன்றரை மீட்டர் நீளமுள்ள மாதிரிக் கப்பல் ஒன்றை வைத்தார். அதன் மோட்டார் த்ரூவே என்பவர் செய்தது. எடை 220 கிராம். மின்சார மாதிரி விமானங்களுக்கெல்லாம் இதைத்தான் பாட்டன் என்பேன்.

1883 அக்டோபர் 8 அன்று சகோதரர்கள் இருவரும் பெரிய கப்பலிலேயே ஏறிப் பறந்தார்கள். ஸீமென்ஸ் மோட்டார், 24 பாட்டரிகள். வேகத்தை மாற்ற ஒரு பாதரச ஸ்விட்ச்: 6, 12, 18, 24 என்று பாட்டரிகளைக் கூட்டிக்கொண்டே போனால் நான்கு வேகம். மறு வருஷம் ராணுவத்தாரின் 'லா பிரான்ஸ்' புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து இறங்க, பெயரெல்லாம் அவர்களுக்குப் போயிற்று. இது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மாதிரி விமானங்களில் வேகத்தைக் குறைக்கப் பிறகு மின்தடைச் சுருள் வந்தது. நம் வீட்டுப் பழைய ஃபேன் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எப்படிச் சுடும் என்று. குறைத்த மின்சாரமெல்லாம் சூடாக வீணாகும். பாட்டரியையும் தூக்கிக்கொண்டு பறக்கிற விமானத்துக்கு அது கட்டுமா?

இப்போதுள்ள வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மின்சாரத்தைத் தடுப்பதில்லை. வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைக்கிறது. பாதி நேரம் போட்டால் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம், அவ்வளவுதான். அதிலிருந்து மோட்டாருக்கு மூன்று ஒயர் போகும். புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்றில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும். பாட்டரிப் பக்கத்துச் சிவப்பு, கறுப்பில் அந்தச் சலுகை கிடையாது. மாற்றிக் கொடுத்தால் கருவி அப்போதே புகைந்துவிடும். அந்த ஒயர்களை நீட்டவும் கூடாது. இணைப்பைச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைக்கும்படி பேரன்மாரிடம் சொல்லுங்கள். பார்க்கத்தான் பொம்மை, விரலைச் சீவிவிடும்.