செனட் சபையும் மாத்தளை வாக்கும்

எங்கட மாத்தளையில் வயதான வாப்பாமாரிடம் செனட் சபையைப் பற்றிக் கேட்டால், "அது கொழும்பு ஆக்கள்ட விசயம் மகன்" என்பார்கள். அது உண்மைதான். 1947 முதல் 1971 வரை நாட்டில் ஒரு மேல்சபை இருந்தது. அதற்காக எங்களில் ஒருவர்கூட வாக்குச்சாவடிக்குப் போனதில்லை.

சோல்பரி யாப்பின்படி செனட்டர்கள் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது. மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். ரத்தோட்டை, எல்கடுவ தோட்டத் தமிழருக்கோ 1949க்குப் பிறகு எம்.பி.யைத் தெரிவுசெய்யும் வாக்கே பெரும்பாலும் இல்லாமற் போயிற்று.

சிறுபான்மையினருக்கு இது பாதுகாப்பு என்றார்கள். விகிதாசார முறை என்பதால் அப்படி நம்ப இடமிருந்தது. 101 எம்.பி.க்கள் ஒரே தடவையில் 15 பேரைத் தெரிவுசெய்தபோது, ஏழு வாக்கு சேர்ந்தால் ஒருவர் உள்ளே போகலாம். ஆனால் செனட்டர்களில் மூன்றிலொரு பங்கினர் இரண்டாண்டுக்கொரு முறை விலகினார்கள். அதனால் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் ஐந்து இடங்கள்தான். தேவை 17 வாக்கு! 1960இல் சபை 157 பேராகப் பெருத்ததும் 27. முஸ்லிம் எம்.பி.க்கள் எல்லாரும் கட்சி மறந்து ஒன்றுகூடினாலும் எட்டாத கணக்கு இது. யாப்பில் ஒரு சொல்லும் மாறாமலே கதவு ஒடுங்கிற்று.

மிச்சம் பெரிய கட்சிகளின் தயவுதான். சேர் ராசிக் பரீதும் செனட்டராக இருந்தவர். 1952இல் பொத்துவில் மக்களின் வாக்கோடு பிரதிநிதிகள் சபைக்குப் போனார். 1960இல் எம்.பி.யாக இல்லாமலே பிரதமரான சிறிமாவோ அம்மையாருக்கு அந்த நியமன வழி கைகொடுத்தது. 1971 ஒக்டோபர் 2இல் அவரது அரசாங்கமே அந்தச் சபையை ஒழித்தது.

பழங்கதை என்று விட முடியவில்லை. 2017 வழிநடத்தல் குழு இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் சபையை முன்மொழிந்தது: மாகாணசபை ஒவ்வொன்றிலிருந்தும் ஐவர், பாராளுமன்றத்திலிருந்து பத்துப் பேர். மத்திய மாகாணசபையில் 58 பேர். அப்படியானால் ஓர் இடத்துக்குப் பத்து வாக்கு வேண்டும். கண்டி, நுவரெலியா, மாத்தளை மூன்றிலுமுள்ள முஸ்லிம் உறுப்பினர்களை ஒன்றாகக் கூட்டினாலும் பத்து வருமா? அந்த முன்மொழிவு திரும்பவும் மேசைக்கு வரும் நாளில் எங்கட ஆக்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.