செயலி இரைச்சல்

மின்சாரத்தைச் சேமிக்கக் கணினிச் செயலி அடிக்கடி உறங்கி விழிப்பதால் எழும் கீச்சொலி. ஒலிபெருக்கியில் சரசரப்பாகவும் கேட்கும். வேலையற்ற செயலி ‘சி-நிலை’ எனப்படும் உறக்க நிலைகளுக்குள் போகும். சி0 முழு விழிப்பு. எண் கூடக்கூட உறக்கம் ஆழமாகும். இவற்றை வகுத்த ஏசிபிஐ தரத்தை 1996இல் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா நிறுவனங்கள் வெளியிட்டன. ஒவ்வொரு விழிப்பிலும் மின்னோட்டம் துள்ளுவதால் தாய்ப்பலகையின் சுருள்களும் பீங்கான் மின்தேக்கிகளும் அதிர்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6 பதிப்பு நொடிக்கு 1000 முறை செயலியைத் தட்டியெழுப்பியதில் பல மடிக்கணினிகள் கீச்சிட்டன. 2005இல் அந்த இயல்பளவு 250ஆகக் குறைந்தது.

ஈப்போ கடைவீடுகளிலும் பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்ட வீடுகளிலும் இச்சத்தம் வந்தால் முதலில் பழி விழுவது வயரிங் மீதுதான். பெரும்பாலும் அது வீண்பழி. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் தடித்த, மாறாத முனகல். மவுசை நகர்த்தும்போதோ திரையை உருட்டும்போதோ சத்தம் மாறினால் செயலியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஒலிபெருக்கிச் சரசரப்பு அப்போது நின்றால், எர்த் இணைப்பு வழியே இரைச்சல் கசிகிறது. ஆடியோ கம்பியில் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வைத்தால் போதும். பலகையே கீச்சிட்டால் பயாஸில் ஆழ்ந்த சி-நிலைகளை அணைக்கலாம். சத்தம் அடங்கும், ஆனால் செயலி சூடேறும், பேட்டரி சீக்கிரம் தீரும். சத்தத்தை ஒழிக்க மூன்றுமுனை பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்து.