தீட்டிய கத்தியும் தீட்டும்



சதாராவில் பீம்ராவ் என்ற சிறுவனுக்கு முடி வெட்டியவர் அவருடைய அக்கா. ஊரில் நாவிதர்கள் இருந்தார்கள். கூலி கொடுக்க வீட்டில் காசும் இருந்தது. தீண்டப்படாதவர் தலையைத் தொட ஒருவரும் சம்மதிக்கவில்லை. வீட்டுப் பிள்ளைகளின் தலைகளில் பழகிப் பழகியே அக்கா கைதேர்ந்தவரானார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்புகளில் அண்ணல் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நாம் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம். நாவிதர் மறுத்த வீடுகளில் கத்தியும் கத்தரியும் பிடித்தவர்கள் அவற்றைக் கூர் மங்காமல் காக்கவும் தாங்களே கற்றிருக்க வேண்டும் அல்லவா? அந்தக் கல்வியை யாரும் வரலாறாக எழுதவில்லை.

சவரக்கத்தியைப் பேணுவது லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியை முழுக்கப் படுக்கவைக்க வேண்டும். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட வேண்டும். தடித்த முதுகுதான் சாய்வின் அளவைக் காப்பாற்றுகிறது. அதைத் தூக்கிவிட்டால் வாய் மழுங்கும். கல்லில் வாய் முன்னே போகும். தோல்வாரில் முதுகு முன்னே போகும், வாய் பின்னால் இழுபடும். மாற்றி இழுத்தால் வாரும் அறுபடும், பதமும் போகும். ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் முதுகின் மேல்தான் கத்தியைப் புரட்ட வேண்டும். கல் எப்போதாவது தேவைப்படும். வார் ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் வேண்டும். முடிந்ததும் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி மடக்க வேண்டும். ஈரத்தோடு அடைப்பத்தில் போட்ட கத்தியில் துருப்புள்ளி விழும். அந்தப் புள்ளி அடுத்தவர் தாடையில் கீறலாக எழும்.

முடி எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியும் கத்தி மழுங்குகிறது. 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்து, முடி வளைந்து மோதும் இடத்தில் எஃகு விளிம்பிலிருந்து நுண்சில்லுகள் பெயர்வதைக் காட்டினார்கள். இப்படிச் சிதைந்த விளிம்பைத்தான் கல் தேய்த்து அகற்றுகிறது. அதாவது, போன மாதம் ஒரு முகத்தைத் தொட்ட விளிம்பு, தீட்டியபின் அந்தக் கத்தியிலேயே இல்லை. இருப்பது புது விளிம்பு. நம் தமிழில் 'தீட்டு' என்றால் கூராக்கு என்றும் பொருள், அழுக்கு என்றும் பொருள். கல்லில் தீட்டினால் எல்லாத் தாடையின் சுவடும் போகிறது, சேரிக்காரன் தாடையின் 'தீட்டு' மட்டும் போகாதாம்! கட்டியையும் புண்ணையும் கீறிய கத்தி ஊர்த்தெருவுக்குள் தடையின்றிப் போய்வந்ததை இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நாவிதரைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போவதில் நமக்கு உடன்பாடில்லை. அவருடைய கூலி அறுவடைக் களத்தில் அளக்கப்பட்ட நெல். அளந்தவர் நிலக்காரர். சேரித் தலையைத் தொட்ட கத்தி என்று தெரிந்தால் அந்த நெல் நிற்கும். ரணம் ஆற்றியவர் அவர், பிரசவம் பார்த்தவர் அவர் வீட்டுப் பெண். 'மருத்துவர்' என்ற பெயர் அந்தச் சமூகத்துக்கு வெறுமனே வரவில்லை. அவரிடம் சவரம் செய்துகொண்ட ஊர்க்காரர் குளித்த பிறகே வீட்டுக்குள் போனார். அவரும் ஒடுக்கப்பட்டவர்தான். அவர் கையிலிருந்த கத்தி நமக்கு மறுக்கப்பட்டது என்பதும் உண்மைதான். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க மாட்டோம்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், பின்னாளில் 15ஆம் பிரிவான வரைவு விவாதத்துக்கு வந்தது. அதிலிருந்த 'கடை' என்ற சொல்லைக் குறுக்கிப் பொருள் கொள்ளக் கூடாது, நாடி வருபவருக்குச் சேவை தரும் இடமெல்லாம் அதில் அடங்கும் என்று அண்ணல் விளக்கினார். தமக்கு மறுக்கப்பட்ட நாற்காலி அவர் நினைவில் இருந்திருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 6ஆம் பிரிவில், தீண்டாமையின் பேரால் சேவை மறுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1976இல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது.

கத்தியும் மாறியது. 1903இல் ஜில்லெட் நிறுவனம் தூக்கியெறியும் பிளேடை விற்கத் தொடங்கியது. நம் சலூன்களில் தீட்டும் கத்தி அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது. எய்ட்ஸ் பற்றிய பயம் பரவிய பின்னர்தான் பாதியாக உடைத்துச் செருகும் பிளேடு எங்கும் வந்தது. இப்போது ஒவ்வொரு முகத்துக்கும் உறை பிரித்த புது விளிம்பு. முன்பு எவர் முகத்தையும் தொட்டிராத விளிம்பு. ஆனாலும் 2001–02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு, நாவிதர் சேவை மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது. இன்றும் சில ஊர்களில் நம் பிள்ளைகள் முடி வெட்டிக்கொள்ள டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள். "இன்னைக்குக் கடை லீவு" என்ற பதிலைக் கேட்டவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் சவரக்கத்தி யார் வீட்டில் இருந்தது, யார் தீட்டினார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். நாங்கள் போன ஒரு வீட்டில் தீட்டுக்கல் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். ஒரு பக்கம் அரிவாள் தேய்த்துக் குழிந்திருந்தது. மறுபக்கம் பலகைபோலச் சமமாக இருந்தது. "இந்தப் பக்கம் கத்திக்கு. அருவாளக் கொண்டுபோனா எங்கம்மா கையிலயே போடும்" என்றார் அந்தப் பெரியவர்.